ஆன்லைனில் வாங்கிய போன் அசலா, போலியா? முதல்முறை வாங்குபவர்களுக்குப் படிப்படியாக

போலி போன் செய்கிறவர்கள் வெளித்தோற்றத்துக்குத்தான் மெனக்கெடுவார்கள். பெட்டி, லோகோ, வால்பேப்பர், செட்டிங்ஸ் பக்கம் எல்லாம் அப்படியே இருக்கும். சிப், மெமரி, கேமரா என்று உள்ளே இருப்பவற்றில்தான் கைவைப்பார்கள். அதனால் போன் தன்னைப் பற்றித் தானே சொல்வதை நம்பக் கூடாது. வெளியிலிருந்து சாட்சி தேட வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் அதற்குத்தான். இது எங்கோ நடக்கிற அபூர்வமும் இல்லை: நாடுவிட்டு நாடு போகும் கைபேசிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று போலி என்று ஓஇசிடி (பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சிக்கான பன்னாட்டு அமைப்பு) 2017 அறிக்கையில் சொன்னது.

ஒரு குழப்பத்தை முதலிலேயே தீர்த்துவிடலாம். ரீஃபர்பிஷ்ட் போன் என்பது சரிபார்த்து மறுபடி விற்பனைக்கு வரும் அசல் போன். ‘ஃபர்ஸ்ட் காப்பி’, ‘மாஸ்டர் காப்பி’, ‘1:1’ என்று எப்படிப் பெயர் வைத்தாலும் அது போலிதான்.

படி 1: ஆர்டர் போடும் முன் ஒப்பிடுங்கள்

தயாரிப்பாளரின் சொந்தத் தளத்தை ஒரு பக்கமும் விற்பனைப் பக்கத்தை மறுபக்கமும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். சாம்சங் கேலக்ஸி எஸ்24 அல்ட்ராவை எடுத்துக்கொள்வோம். அதில் 6.8 அங்குலத் திரை, 12 ஜிபி ரேம், 5000 எம்ஏஎச் பேட்டரி. விற்பனைப் பக்கத்தில் 7.3 அங்குலம், 16 ஜிபி, 6800 எம்ஏஎச் என்று இருந்தால், அப்படியொரு எஸ்24 அல்ட்ராவை சாம்சங் செய்யவே இல்லை. போலிக்காரர்களுக்கு ஓர் ஆசை உண்டு, அசலைவிட எண்களைக் கூட்டிப் போடுவார்கள். அதுவே அவர்களைக் காட்டிக்கொடுக்கும். மெமரி கார்டு போட இடம் இருக்கிறது என்று யாராவது ஐபோன் விற்றால் மேலே படிக்கவே வேண்டாம், எந்த ஐபோனிலும் அது கிடையாது.

தலைப்பில் ‘எஸ்24 அல்ட்ரா’ மட்டும் இருந்து நிறுவனத்தின் பெயர் எங்கும் இல்லையென்றாலும் சந்தேகப்படுங்கள். அப்புறம், பெரிய தளமாக இருந்தாலும் விற்பவர் வேறு யாராவதாக இருக்கலாம். விற்பவரின் பெயரைத் தட்டி, பழைய மதிப்புரைகள் எந்தப் பொருளுக்கு வந்தவை என்று பாருங்கள். ஐந்து நட்சத்திரங்கள் எல்லாம் போன் உறைக்கு வாங்கியவையாக இருந்தால் போனுக்கு அவற்றால் பயனில்லை.

படி 2: பிரிப்பதை வீடியோ எடுங்கள்

முகவரிச் சீட்டிலிருந்து போன் வெளியே வரும்வரை நடுவில் வெட்டாமல் ஒரே வீடியோ. திருப்பி அனுப்பும்போது வாக்குவாதம் வந்தால் இது கைகொடுக்கும்.

படி 3: உங்கள் சிம், உங்கள் கணக்கு இரண்டும் வேண்டாம்

பலரும் போனை ஆன் செய்த கையோடு மின்னஞ்சல், வங்கிச் செயலி என்று எல்லாவற்றிலும் நுழைந்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், போலி போனால் வரும் பெரிய நஷ்டம் அதற்குக் கொடுத்த விலையைவிட இதுதான். 2016 முதல் அறியப்பட்ட டிரையாடா என்ற, கணக்கு விவரங்களைத் திருடும் தீங்குநிரல், போலி ஆண்ட்ராய்டு போன்களில் முன்கூட்டியே ஏற்றப்பட்டு விற்பனைக்கு வருவதாகக் காஸ்பர்ஸ்கி என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் 2025-இல் எச்சரித்தது. அது போனின் ஃபர்ம்வேரிலேயே (போனை இயக்கும் அடிப்படை மென்பொருளில்) உட்கார்ந்திருப்பதால் ஃபேக்டரி ரீசெட் செய்தாலும் போகாது. எனவே சோதனைக்கென்று புதிதாக ஒரு கூகுள் கணக்கு தொடங்கி, அதை மட்டும் பயன்படுத்துங்கள்.

படி 4: ஐஎம்இஐ எண்

டயல் செய்யும் இடத்தில் *#06# என்று தட்டினால் 15 இலக்க எண் வரும். ஒவ்வொரு போனுக்கும் தனியாக இருக்கும் அடையாள எண்தான் இந்த ஐஎம்இஐ. இரண்டு சிம் போனில் இரண்டு எண்கள் வரும். அவை பெட்டியிலும் செட்டிங்ஸிலும் இருப்பவற்றோடு பொருந்த வேண்டும். முதல் 8 இலக்கங்கள் எந்த மாடல் என்பதைச் சொல்பவை. எண்ணை ஐஎம்இஐ சரிபார்க்கும் தளத்தில் போட்டால், வாங்கிய மாடலின் பெயர் வர வேண்டும். ஐபோன் என்றால் வரிசை எண்ணை ஆப்பிளின் வாரண்டி பார்க்கும் பக்கத்தில் போடுங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. அசல் போன் ஒன்றின் எண்ணை அப்படியே எடுத்துப் போலியில் பதித்துவிடுவார்கள். ஆகவே எண் பொருந்தவில்லை என்றால் போனைத் திருப்பிவிடுங்கள். பொருந்தினால் அடுத்த படிக்குப் போங்கள், அவ்வளவுதான்.

படி 5: வேலை வாங்கிப் பாருங்கள்

ஐபோனுக்கு இது சுலபம். ஆப் ஸ்டோரைத் திறந்தால் கூகுள் ப்ளே வருகிறதா? உள்ளே ஓடுவது ஆண்ட்ராய்டு. கணினியில் இணைத்தும் பாருங்கள், அசலை மேக்கின் ஃபைண்டர் ஐபோன் என்றே அடையாளம் காட்டும்.

ஆண்ட்ராய்டில் முதலில் ப்ளே ஸ்டோர் செட்டிங்ஸில் ‘அபவுட்’ பகுதிக்குப் போங்கள். சாதனம் கூகுளின் சான்று பெற்றதா என்பது அங்கே தெரியும். புதுப் போனில் இல்லை என்று வந்தால், திருப்பி அனுப்ப அதுவே போதுமான காரணம். அடுத்து, போனுக்குள் என்ன இருக்கிறது என்று காட்டும் சிபியு-இசட் செயலியை நிறுவி சிப்பின் பெயரைப் பாருங்கள். எஸ்24 அல்ட்ராவில் ஸ்னாப்டிராகன் 8 ஜென் 3 இருக்க வேண்டும். அந்த இடத்தில் மீடியாடெக்கின் பழைய மலிவு சிப் எதுவும் தென்பட்டால் சந்தேகமே வேண்டாம். அதே செயலியில் ஏபிஐ எண்ணும் இருக்கும், உள்ளே ஓடுவது ஆண்ட்ராய்டின் எந்தப் பதிப்பு என்பதைச் சொல்லும் எண் அது. ஆண்ட்ராய்டு 14-க்கு அது 34. செட்டிங்ஸில் 14 என்றும் இங்கே 27 என்றும் வந்தால், உள்ளே இருப்பது ஆண்ட்ராய்டு 8.1.

இந்தச் செயலிகளையும் ஏமாற்றும் போலிகள் உண்டு. ஆனால் படம், வீடியோ சேமிக்கும் மெமரியில் அந்த ஏமாற்று எடுபடாது. 512 ஜிபி என்று காட்டும் போனில் நிஜமாக இருப்பது அதில் சிறு பங்காக இருக்கலாம். கணினியிலிருந்து பெரிய வீடியோக்களை நூறு ஜிபிக்கு மேல் ஏற்றி, அவற்றைத் திரும்பக் கணினிக்கு எடுத்து ஓட்டிப் பாருங்கள். இடம் போதாத போனில் பாதி ஓடாது. நேரம் பிடிக்கும் வேலைதான், ஆனால் எனக்கு அதிக நம்பிக்கை இதில்தான்.

கேமராவுக்கும் ஒரு வழி: நல்ல வெளிச்சத்தில் 0.5 அளவுக்கு (அகலமாகக் காட்டும் லென்ஸுக்கு) மாற்றி, லென்ஸ்களை ஒவ்வொன்றாக விரலால் மூடுங்கள். முதன்மை லென்ஸை மூடினால் மட்டும் படம் இருண்டால், 0.5-க்கென்று இருக்க வேண்டிய லென்ஸ் வெறும் கண்ணாடி. பதிவு செய்யாத விரலை வைத்துப் பூட்டு திறக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

படி 6: போலி என்று தெரிந்தால்

விற்பனைத் தளத்துக்குள்ளேயே புகார் கொடுங்கள். பேச்சை வேறு செயலிக்கு மாற்றச் சொன்னால் மறுத்துவிடுங்கள். ‘போனை வைத்துக்கொள்ளுங்கள், பாதிப் பணம் தருகிறோம்’ என்பார்கள். ஒப்புக்கொண்டால் பல தளங்களில் புகார் அதோடு மூடப்படும். வீடியோவையும் சிபியு-இசட் ஸ்கிரீன்ஷாட்களையும் இணைத்து முழுப் பணமும் கேளுங்கள். அவசரத்தில் உங்கள் சொந்தக் கணக்கால் ஏற்கெனவே நுழைந்துவிட்டீர்களா? வேறொரு சாதனத்திலிருந்து கடவுச்சொல்லை மாற்றி, அந்தப் போனைக் கணக்கிலிருந்து வெளியேற்றிவிட்டு, அதன்பிறகு பார்சல் கட்டுங்கள்.