திருச்சியில் எங்கே தங்குவது: தென்கரையா, ஸ்ரீரங்கமா?

சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு, வளைகுடா நாடுகள் ஆகிய இடங்களிலிருந்து நேரடி விமானங்கள் வருவதால், தாயகம் வருவோரில் பலருக்குத் திருச்சி வெறும் இறங்குதுறையாகவே இருந்துவிடுகிறது. இரவில் இறங்கி, விடிந்ததும் தஞ்சாவூருக்கோ கும்பகோணத்துக்கோ கார் பிடித்துப் புறப்பட்டுவிடுகின்றனர். காவிரி கிளை பிரிந்து டெல்டாவாக விரியத் தொடங்கும் இந்த ஊரில் மூன்று நாளாவது தங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அப்படித் தங்க நினைப்பவர்கள், வாடகையையும் விடுதியின் நட்சத்திரத்தையும் பார்ப்பதற்கு முன்பாக, காவிரியின் தென்கரையில் தங்குவதா, ஆற்றைக் கடந்து ஸ்ரீரங்கத்தில் தங்குவதா என்பதை முடிவுசெய்துகொள்ள வேண்டும். விமான நிலையம், ரயில் சந்திப்பு, மலைக்கோட்டை, பெரிய கடைகள், மருத்துவமனைகள் ஆகியவை தென்கரையில் உள்ளன. அரங்கநாதர் கோயில், திருவானைக்காவல், அம்மா மண்டபம் ஆகியவை காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தீவில் உள்ளன. காலையிலும் மாலையிலும் காவிரிப் பாலத்தில் வண்டிகள் ஊர்ந்துதான் செல்லும். நாள்தோறும் இருமுறை அதைக் கடக்கும்படி அறை எடுத்துவிட்டால், வயதானவர்கள் இரண்டாம் நாளே களைத்துப்போவார்கள்.

கோயிலுக்காகவே வருவோர் ஸ்ரீரங்கத்தில் தங்குவதே முறை. 156 ஏக்கர் பரப்பில் ஏழு பிராகாரங்களாக அமைந்த அக்கோயிலின் வெளிப் பிராகாரங்கள் இன்றும் மக்கள் குடியிருக்கும் தெருக்களாகவே இருக்கின்றன. 1987-இல் கட்டி முடிக்கப்பட்ட 236 அடி உயர ராஜகோபுரத்தைத் தாண்டி உள்ளே நடந்தால், சித்திரை வீதியிலும் உத்தர வீதியிலும் வாசலில் கோலமிடுவோரையும், பூக்கடைகளையும், வடிகட்டிய காப்பியின் மணத்தையும் கடந்துதான் சன்னிதிக்குச் செல்ல வேண்டும். விடியற்காலை விஸ்வரூப சேவைக்குப் பசுவும் யானையும் சன்னிதி முன் அழைத்து வரப்படுகின்றன. வீணை ஒலிக்கத் திரை விலகுகிறது. தென்கரையில் அறை எடுத்தவர்கள் இதற்காக இருட்டோடு எழுந்து, கார் சொல்லி வைத்து, பாலம் கடந்து வர வேண்டும். உத்தர வீதியில் தங்கியவர்கள் குளித்துவிட்டு நடந்தே வந்துவிடலாம். ஆனால் அந்த வீதிகளில் உள்ள தங்குமிடங்களில் சில பழைய வீடுகளை மாற்றிக் கட்டியவை என்பதால், செங்குத்தான குறுகிய படிக்கட்டு இருக்கும், லிஃப்ட் இருக்காது. தை மாதத் தேர் உத்தர வீதிகளிலும் சித்திரைத் தேர் சித்திரை வீதிகளிலும் ஓடுவதால், அந்நாள்களில் காரை வெளியே நிறுத்திவிட்டுப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு நடக்க நேரும். முழங்கால் வலி உள்ளவர்களுடன் வருவோர் பஞ்சக்கரைச் சாலையில் கோயில் நிர்வாகம் நடத்தும் யாத்ரி நிவாஸையோ, ராஜகோபுரத்துக்கு வெளியே உள்ள புதிய விடுதிகளையோ பார்ப்பது நல்லது.

பெற்றோருக்குத் திதி கொடுக்கவும் தர்ப்பணம் செய்யவும் வருவோர் அம்மா மண்டபத்துக்கு அருகில் தங்க வேண்டும். ஆடி அமாவாசையிலும் தை அமாவாசையிலும் அந்தப் படித்துறைக்கு விடியுமுன்பே கூட்டம் வந்து சேர்ந்துவிடும் என்பதால், நடந்து செல்லும் தொலைவில் அறை இருப்பது பெரிய உதவி.

மலைக்கோட்டை அடிவாரத்தில் தங்க ஆசைப்படுவோரிடம் நான் சற்றுத் தயங்கவே சொல்வேன். 83 மீட்டர் உயரமுள்ள அந்தப் பாறையைச் சுற்றிச் சின்னக்கடை வீதியும் என்.எஸ்.பி. சாலையும் தெப்பக்குளமும் நெருக்கமாக அமைந்துள்ளன. கடைவீதிக்கு நடுவே வாழும் இன்பம் உண்டென்றாலும், விடுதி வாசல் வரை கார் வருவது அரிது, தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் நடப்பதற்கே இடம் கிடைக்காது. மலை ஏறுவதற்கு அங்கே தங்க வேண்டிய தேவையும் இல்லை. மாணிக்க விநாயகர் சன்னிதியிலிருந்து தாயுமானவர் சன்னிதி வரை படிகள் பெரும்பாலும் நிழலில் செல்கின்றன. அதற்கு மேல், மகேந்திரவர்ம பல்லவன் 7-ஆம் நூற்றாண்டில் குடைவித்த குகைக் கோயிலைத் தாண்டி உச்சிப்பிள்ளையாரை நோக்கிச் செல்லும் பகுதி வெட்டவெளிப் பாறை. செருப்பைக் கீழேயே விட்டுவிட்டு ஏறுவதால், பத்து மணிக்குமேல் கால் கொதிக்கும். குழந்தைகளுடன் வருவோர் காலை ஏழு மணிக்குள் ஏறத் தொடங்கினால் போதும். மேலே நின்றால் காவிரியும் தீவும் ஸ்ரீரங்கத்துக் கோபுரங்களும் ஒரே பார்வையில் தெரியும். தங்குமிடம் எங்கே என்ற கேள்வியில் ஆறு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதும் அங்கே விளங்கிவிடும். பேருந்திலேயே ஊர் சுற்ற விரும்பும் இளைஞர்களுக்கு மட்டும் சத்திரம் பேருந்து நிலையத்தை ஒட்டிய விடுதிகள் பொருந்தும். ஸ்ரீரங்கம் செல்லும் 1-ஆம் எண் பேருந்து அவ்வழியேதான் செல்கிறது.

கைக்குழந்தை, நோயாளி, நிறையப் பெட்டிகள் ஆகியவற்றுடன் வருவோருக்குக் கண்டோன்மெண்ட் பகுதியே பாதுகாப்பானது. ரயில் சந்திப்பு அருகில் உள்ளது. லிஃப்ட், ஜெனரேட்டர், இரவு முழுதும் ஆள் இருக்கும் ரிசப்ஷன் ஆகியவை அங்குள்ள பெரிய விடுதிகளில் கிடைக்கும். சிகிச்சைக்காகவே வருவோர் மருத்துவமனைகள் மிகுந்த தில்லை நகர், புத்தூர் பகுதிகளைப் பார்க்கலாம். பஞ்சப்பூரில் 2025-இல் ஒருங்கிணைந்த பேருந்து முனையம் திறக்கப்பட்டபின் வெளியூர்ப் பேருந்துகள் பலவும் மதுரைச் சாலையில் உள்ள அம்முனையத்துக்கு மாறியுள்ளன. சென்ட்ரல் பேருந்து நிலையத்தை நம்பி அருகில் அறை எடுப்போர், தாம் ஏற வேண்டிய பேருந்து எங்கிருந்து புறப்படுகிறது என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

ஆற்றைப் பார்த்த அறை என்று கூடுதல் வாடகை கேட்டால், மாதத்தைப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12 அன்று திறக்கப்பட்டு, தண்ணீர் சில நாள்களில் இங்கு வந்து சேரும். ஆடிப்பெருக்கின்போது கரைபுரளும் காவிரி, பங்குனி, சித்திரையில் பெரும்பாலும் மணற்பரப்பாகவே கிடக்கும். வெயிலுக்கு அஞ்சுவோருக்கு மார்கழியும் தையும் இதமான மாதங்கள். ஆனால் மார்கழியில்தான் பகல் பத்து, இராப் பத்து, சொர்க்கவாசல் திறப்பு ஆகியவை நடைபெறுவதால், ஸ்ரீரங்கத்தில் அறை கிடைப்பது அரிது. தையிலும் ஆவணியிலும் முகூர்த்த நாள்களில் கல்யாண வீட்டார் தென்கரை விடுதிகளை மொத்தமாக எடுத்துவிடுவார்கள். ஆகவே பயணச்சீட்டு எடுக்கும்போதே பஞ்சாங்கத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்போரைத் தங்கவைக்கும் விடுதி, 24 மணி நேரத்துக்குள் அவர்களின் விவரங்களை இணையவழியில் அரசிடம் பதிய வேண்டும். உறவினர் வீட்டில் தங்கினாலும் இக்கடமை வீட்டாருக்கு உண்டு. இதற்கான ஏற்பாடு இல்லாத சிறிய லாட்ஜ்கள் முன்பதிவை ஏற்றுக்கொண்டு, நள்ளிரவில் வாசலில் நிற்கும்போது அறை இல்லை என்று சொல்லக்கூடும். ஆகவே கடவுச்சீட்டு எந்த நாட்டுடையது என்பதை முன்பதிவின்போதே தொலைபேசியில் தெளிவாகச் சொல்லி, சம்மதம் பெற்றுக்கொள்ளுங்கள். கடவுச்சீட்டு, விசா அல்லது ஓ.சி.ஐ. அட்டை ஆகியவற்றின் அசலைக் கைப்பையிலேயே வைத்திருங்கள்.

அதே தொலைபேசி உரையாடலில் இன்னும் சிலவற்றையும் கேட்டுக்கொள்ளலாம்: வெஸ்டர்ன் டாய்லெட் உண்டா, லிஃப்ட் மின்தடையிலும் இயங்குமா, செக்-அவுட் நண்பகலிலா அல்லது உள்ளே வந்த நேரத்திலிருந்து 24 மணி நேரக் கணக்கா? பின்னிரவு விமானத்தில் வருவோருக்கு 24 மணி நேரக் கணக்கு மிகவும் வசதியானது; நண்பகல் கணக்கு வைத்திருக்கும் விடுதியாக இருந்தால், முதல்நாள் தேதியிலிருந்தே அறையைப் பதிவுசெய்தால்தான் வந்தவுடன் படுக்க இடம் கிடைக்கும்.