பைண்டிங் போட்ட கிட்டாரில் ஃப்ரெட் சமன் செய்வது

ஃப்ரெட் என்பது கழுத்துப் பலகையில் குறுக்காகப் பதித்த உலோகப் பட்டை; பைண்டிங் என்பது பலகையின் ஓரத்தில் ஒட்டிய மெல்லிய பட்டை. இவ்வகைக் கழுத்தில் ஃப்ரெட்டின் அடிநாக்கு (பலகையின் பிளவுக்குள் இறங்கும் பகுதி) ஓரம்வரை போகாது. தலை மட்டும் பைண்டிங்மேல் உட்கார்ந்திருக்கும். அதனால் நுனிகள்தான் முதலில் தூக்கும். ஒவ்வொன்றையும் அழுத்திப் பாருங்கள். அசைந்தால் நீர்த்த சூப்பர் குளூ ஒரு சொட்டு விட்டு, இறுக்கிப் பிடித்து உலரவிட்ட பிறகே அரம். தூக்கிய நுனியை அப்படியே தேய்த்தால், பின்னால் அது அமரும்போது தாழ்ந்துபோய், அடுத்த ஃப்ரெட்டில் கம்பி உரசும்.

கம்பிகளைக் கழற்றி, டிரஸ் ராடால் (கழுத்துக்குள் ஓடும், திருகிச் சரிசெய்யும் உலோகத் தண்டு) கழுத்தை நேராக்குங்கள். பலகையையும் பைண்டிங்கையும் டேப்பால் மூடி, தலைகளில் மார்க்கர் பூசி, 320 உப்புத்தாள் ஒட்டிய நேர்கட்டையால் நீளவாக்கில் தேயுங்கள். எல்லாவற்றிலும் மை போனதும் நிறுத்துங்கள். மறுபடி மை பூசி, கிரவுனிங் அரத்தால் வளைவு கொடுங்கள். உச்சியில் மயிரிழை மை மிஞ்ச வேண்டும்.

நுனிச் சரிவு 35 டிகிரி போதும். பிறகு 400, 600, 1000 தாள்கள். துடைக்க அசிட்டோன் மட்டும் வேண்டவே வேண்டாம். செல்லுலாய்டு பைண்டிங் கரைந்துவிடும்.