பழைய கார் நேவிகேஷன் கருவியை மாற்றாமலேயே பயன்படுத்துவது எப்படி?

காருடன் பொருத்தப்பட்டு வந்த நேவிகேஷன் ரேடியோவில் பழையதாகிப்போவது வரைபடமும் போனுடனான இணைப்பும்தான். ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கர்களும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ஆகவே வழிகாட்டும் வேலையைப் போனிடம் ஒப்படைத்துவிட்டு, ஒலிக்கு மட்டும் பழைய கருவியை நம்புவதே என் கணிப்பில் சிக்கனமான ஏற்பாடு. போனில் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால், சிக்னல் இல்லாத சாலையிலும் வழி தெரியும். போனைத் தாங்கும் ஸ்டாண்டை ஏர்பேக் விரியும் இடத்தில் மட்டும் பொருத்தக் கூடாது.

புளூடூத்தில் அழைப்பு வருகிறது, பாட்டு வரவில்லை என்றால் கருவி கெட்டுவிட்டதாக முடிவுகட்ட வேண்டாம். அழைப்புக்கும் இசைக்கும் புளூடூத்தில் தனித்தனி நெறிமுறைகள் உள்ளன; பழைய கருவிகள் பலவற்றில் முதலாவது மட்டுமே இருக்கும். வெளியிலிருந்து ஒயர் வழியாக ஒலியை உள்ளே கொடுக்கும் 3.5 மி.மீ. ஆக்ஸ் துளை இருந்தால், அதில் ஒரு சிறிய புளூடூத் ரிசீவரைச் செருகுவது இக்குறையைத் தீர்த்துவிடும். ரிசீவருக்குக் காரிலிருந்தே மின்சாரம் எடுக்கும்போது, இன்ஜின் வேகத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும் ஒரு ரீங்காரம் கேட்டால், அது பெரும்பாலும் எர்த் இணைப்பு இரு வழியாகச் சுற்றுவதால் வருவது. ஆக்ஸ் ஒயரின் நடுவே, இந்தச் சுற்றைத் துண்டிக்கும் கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் ஒன்றை இணைத்தால் அடங்கிவிடும். ஆக்ஸ் துளையும் இல்லாதவர்களுக்கு, போனின் ஒலியை எஃப்எம் அலையாகக் கார் ரேடியோவுக்கு அனுப்பும் எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் உண்டு. ஆனால் நெடும்பயணத்தில் காலி அலைவரிசையைத் தேடித் தேடி மாற்ற வேண்டியிருப்பதால், அதைக் கடைசி வழியாகவே சொல்வேன். பென்டிரைவைப் படிக்க மறுக்கும் கருவிக்கு, 32 ஜிபி அல்லது அதற்குக் குறைவான ஒன்றை ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்து, எம்பி3 கோப்புகளை மட்டும் போட்டுப் பாருங்கள்.

திரையில் தேதி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பின்தங்கித் தெரிவதும் பழுதன்று. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் பழைய சிக்னல் வாரங்களைப் பத்து பிட்டுகளில் எண்ணுவதால், 1,024 வாரங்களுக்கு, அதாவது ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு, ஒருமுறை எண்ணிக்கை பூச்சியத்துக்குத் திரும்பிவிடுகிறது. கடைசியாக 2019 ஏப்ரல் 6 நள்ளிரவில் அவ்வாறு திரும்பியது. மென்பொருளைப் பொறுத்துச் சில கருவிகள் வேறு நாளிலும் தடுமாறுவதுண்டு. கடிகாரத்தைக் கையால் திருத்த வழியிருந்தால் திருத்திக்கொள்ளலாம்.

பேட்டரியைக் கழற்றும் முன் ரேடியோவுக்குத் திருட்டுத் தடுப்புக் குறியீடு உண்டா என்று காரின் கையேட்டில் பார்த்துவிடுங்கள். மின்சாரம் துண்டிக்கப்பட்டதும் பல கருவிகள் அதைக் கேட்கும். தவறான எண்ணைத் திரும்பத் திரும்ப அழுத்தினால் பூட்டிக்கொள்ளும்.

இவ்வளவுக்குப் பிறகும் புதிய கருவியே வேண்டுமென்றால், ஏசி கட்டுப்பாடு, பின்புறக் கேமரா, ஸ்டீயரிங் பொத்தான்கள் ஆகியவற்றில் எவையெல்லாம் பழைய திரையின் வழியாக இயங்குகின்றன என்று முதலில் பட்டியலிட்டு, அவற்றுக்கான அடாப்டர் உங்கள் மாடலுக்குக் கிடைப்பதை உறுதிசெய்த பிறகே டேஷ்போர்டில் கைவைக்கவும்.