பழைய கணினிக்குப் புதிய பிரிண்டர்: கேபிள் வாங்கும் முன்னே நடக்கும் தவறுகள்

அரிசி மண்டி, மருந்துக் கடை, உரக்கடை என்று பல இடங்களில் விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து ஃபாக்ஸ்புரோவில் எழுதிய பழைய பில் மென்பொருள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. விண்டோஸ் 98 அல்லது எக்ஸ்பி போட்ட கணினி, அதன் முதுகில் 25 துளை கொண்ட பேரலல் போர்ட், அதில் வருடக்கணக்கில் உழைத்த ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். அது ஒரு நாள் படுத்துவிடுகிறது. கடைக்காரர் புதிய லேசர் பிரிண்டர் ஒன்றை வாங்கி வருகிறார். பிரித்துப் பார்த்தால் பின்னால் சதுரமான யுஎஸ்பி துளை மட்டும்தான் இருக்கிறது. உடனே, “யுஎஸ்பி டு பேரலல் கேபிள் இருக்கிறதா?” என்று கேட்டுக்கொண்டு மறுபடியும் கடைக்குப் போகிறார்.

கேபிள் கிடைக்கும், ஆனால் வேலை செய்யாது. கடைகளில் சாதாரணமாக விற்கும் அந்த கேபிள் நேர் எதிரான தேவைக்காகச் செய்யப்பட்டது. புதிய கணினியின் யுஎஸ்பி துளையில் ஒரு முனையையும், பழைய பிரிண்டரின் 36 முள் சென்ட்ரானிக்ஸ் துளையில் மறுமுனையையும் செருகுவதற்கானது அது. யுஎஸ்பியில் இரண்டு முனைகளும் சமம் அல்ல. கணினி கேட்கும், கருவி பதில் சொல்லும். கேபிளுக்குள் இருக்கும் சிப்பும் பதில் சொல்லும் ஜாதிதான், பிரிண்டரும் அதே ஜாதிதான். இரண்டையும் இணைப்பது, முதலாளி இல்லாத கடையில் இரண்டு வேலையாட்களை உத்தரவுக்குக் காத்திருக்க வைப்பதற்குச் சமம். ஆண் முனையைப் பெண் முனையாக்கும் மாற்றிகளைத் தேடி வாங்கி எப்படியோ பொருத்திவிட்டாலும் விளக்குகூடச் சிமிட்டாது. பேரலல் பக்கத்திலிருந்து வாங்கி யுஎஸ்பி பிரிண்டருக்குக் கொடுக்கும் தனிப் பெட்டிகள் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் விலை அதிகம், எல்லா பிரிண்டரையும் அவை ஏற்பதும் இல்லை.

போர்ட் மட்டும்தான் குறை என்றால் அதற்குச் சுலபமான வழி, கணினிக்கே யுஎஸ்பி போர்ட் சேர்ப்பது. கணினிக்குள் கூடுதல் கார்டு செருகும் பிசிஐ ஸ்லாட் காலியாக இருந்தால் ஒரு யுஎஸ்பி கார்டு போதும். விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பு முதல் எக்ஸ்பி வரை இது நடக்கும். விண்டோஸ் 95, விண்டோஸ் என்டி 4 என்றால் முயற்சியே வேண்டாம்.

இன்னொரு தவறு சற்று ஆபத்தானது. 25 முள் என்பதை மட்டும் எண்ணிவிட்டு, பொருந்துகிறதே என்று செருகுவது. பழைய கணினிகளில் மோடம் போன்றவற்றைச் செருகும் சீரியல் போர்ட்டுக்கும் 25 முள் உண்டு. கணினியின் பக்கம் துளையாக இருந்தால் அது பேரலல், முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தால் சீரியல். பேரலலில் ஓடுவது 5 வோல்ட். சீரியலில் கூட்டலும் கழித்தலுமாக 12 வோல்ட் வரை சாதாரணமாகப் போகும். மாற்றிகளை வைத்து இரண்டையும் சேர்த்தால் போர்ட் கருகக்கூடும். பேரலல் கேபிளைச் செருகவும் பிடுங்கவும் இரண்டு பக்கத்து மின்சாரத்தையும் அணைத்திருக்க வேண்டும். யுஎஸ்பி பழகிய கைகள் இதை மறந்துவிடுகின்றன.

அடுத்தது டிரைவர், அதாவது பிரிண்டரோடு பேச விண்டோஸுக்குத் தேவையான மென்பொருள். எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் தந்த ஆதரவு 2014 ஏப்ரலில் முடிந்தது. இன்று வரும் பிரிண்டர்கள் பலவற்றின் பெட்டியில் எக்ஸ்பி என்ற பெயரே இருக்காது. பணம் கொடுப்பதற்கு முன் அட்டைப்பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும் அந்தச் சிறிய எழுத்துப் பட்டியலைப் படித்துவிட வேண்டும். ஒரு குறுக்கு வழி உண்டு: பக்கத்தை எப்படி அச்சிட வேண்டும் என்று சொல்லும் பிசிஎல் 5 மொழி பிரிண்டருக்குத் தெரியும் என்றால், எக்ஸ்பியிலேயே இருக்கும் எச்பி லேசர்ஜெட் 4 டிரைவரைப் போட்டு ஓட்டலாம். தாள் தட்டை மாற்றுவது, இரு பக்கம் அச்சிடுவது போன்ற வசதிகள் போகலாம். பில் வந்துவிடும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, மென்பொருள் பிரிண்டருக்கு என்ன அனுப்புகிறது என்று யாரும் கேட்காமல் இருப்பதுதான். மலிவான லேசர் பிரிண்டர்களில் பல, பக்கத்தைத் தாமாக அமைக்கத் தெரியாதவை. விண்டோஸ் டிரைவர் முழுப் பக்கத்தையும் படமாக்கிக் கொடுத்தால்தான் அச்சிடும். டாஸ் மென்பொருளோ வெறும் எழுத்தை எல்பிடி1 என்ற பேரலல் போர்ட் முகவரிக்கு அனுப்புகிறது. யுஎஸ்பி பிரிண்டர் உட்கார்ந்திருப்பது யுஎஸ்பி001 என்ற வேறு முகவரியில். பிரிண்டரைப் பகிர்ந்து, ‘நெட் யூஸ்’ கட்டளையால் எல்பிடி1-ஐ அந்தப் பகிர்வுக்குத் திருப்பிவிடலாம் என்று பலருக்கும் தெரியும். எக்ஸ்பியில் நெட்வொர்க் கேபிள் கழன்றிருந்தால் இந்தத் திருப்பம் படுத்துவிடும் என்பது பலருக்குத் தெரியாது. நெட்வொர்க் கார்டு ஒன்று இருப்பதுபோலக் காட்டும் மைக்ரோசாஃப்ட் லூப்பேக் அடாப்டரை நிறுவினால் அந்தத் தொல்லை தீரும். ஆனால் எழுத்தை வழிதிருப்பியதோடு சரி, அதை யாரும் மொழிபெயர்க்கவில்லை. டிரைவரை நம்பியிருக்கும் பிரிண்டர் அதை வாங்கிக்கொண்டு சும்மா இருக்கும், அல்லது குப்பையைக் கக்கும்.

பிசிஎல் தெரிந்த பிரிண்டரானால் எழுத்து வரும். அங்கும் ஒரு வேடிக்கை. ஒரு பக்கம் முடிந்தது என்று மென்பொருள் சொல்லும்வரை லேசர் பிரிண்டர் தாளை வெளியே தள்ளாது. பத்து வரி பில்லை அனுப்பினால் விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும், தாள் வராது. பிரிண்டர் கெட்டுவிட்டது என்று மெக்கானிக்கை அழைப்பார்கள். பில்லின் கடைசியில் 12 என்ற பக்க முடிவுக் குறியீட்டை மென்பொருள் அனுப்பினால் தாள் வந்துவிடும். எழுத்தைச் சுருக்க டாட் மேட்ரிக்ஸுக்கு அனுப்பும் 15 என்ற குறியீட்டுக்கு பிசிஎல்லில் வேறு அர்த்தம். அதனால் எழுத்து சுருங்காது, அகலமான பில்லின் வலது ஓரத்தில் இருக்கும் தொகைப் பத்தி வெட்டுப்பட்டுப் போகும். பொருளின் பெயர் இருக்கும், விலை இருக்காது.

கார்பன் வைத்து இரண்டு நகல் எடுக்கும் கடை என்றால் லேசரைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், ஊசி அடித்தால்தான் நகல் விழும். என் கணக்கில் இப்படிப்பட்ட கடைக்கு இன்னொரு டாட் மேட்ரிக்ஸ்தான் சரி. எப்சன் எல்எக்ஸ்-310 போன்றவற்றில் பேரலல், சீரியல், யுஎஸ்பி மூன்றும் உண்டு, மென்பொருளில் கை வைக்க வேண்டியதில்லை. கணினியை மாற்றினாலும் அது பயன்படும்.

லேசர்தான் வேண்டும் என்றால் ஈதர்நெட் துளை (நெட்வொர்க் கேபிள் செருகும் இடம்) உள்ளதை வாங்குங்கள். எக்ஸ்பியில் ‘ஸ்டாண்டர்ட் டிசிபி/ஐபி போர்ட்’ சேர்த்து பிரிண்டரின் ஐபி முகவரியைக் கொடுத்தால் முடிந்தது. டிரைவர் பற்றி மேலே சொன்னது இங்கும் பொருந்தும். வைஃபையை நம்பினால் எக்ஸ்பியில் மூன்றாவது சர்வீஸ் பேக் என்ற திருத்தத் தொகுப்பு இருக்கிறதா, வைஃபை கார்டு டபிள்யூபிஏ2 என்ற பாதுகாப்பு முறையில் பேசுமா என்று இன்னொரு சுற்று அலைய வேண்டும்.

விண்டோஸ் 10 கணினியில் பிரிண்டரை இணைத்து, அங்கிருந்து எக்ஸ்பிக்குப் பகிரவும் பலர் முயல்கிறார்கள். 2017 இறுதியில் வந்த 1709 பதிப்பிலிருந்து எஸ்எம்பி1 என்ற பழைய பகிர்வு முறை விண்டோஸ் 10-இல் தானாக நிறுவப்படுவதில்லை. எக்ஸ்பிக்குத் தெரிந்ததோ அது ஒன்றுதான். அதைத் திரும்ப இயக்கச் சொல்லும் அறிவுரை எங்கும் கிடைக்கும். 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற தீம்பொருள், அந்த எஸ்எம்பி1-இன் ஓட்டை வழியாகத்தான் நுழைந்தது. கடைக் கணக்கு முழுவதும் இருக்கும் கணினியில் அந்தக் கதவைத் திறந்து வைப்பதைவிட, விண்டோஸ் 10-இல் எல்பிடி (LPD, மேலே சொன்ன எல்பிடி1 அல்ல) பிரிண்ட் சர்வீஸை இயக்கி, எக்ஸ்பியில் அதோடு பேசும் எல்பிஆர் (LPR) போர்ட் சேர்ப்பது மேல். அமைக்கக் கொஞ்சம் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான்.