'சீரம் அயர்ன்' மட்டும் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு

இரும்புச்சத்து இருக்கிறதா என்று பார்க்கப் போகும் பலர், ஆய்வகத்தில் 'சீரம் அயர்ன்' ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அந்த எண், ரத்தம் எடுத்த நேரத்தில் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருந்த இரும்பின் அளவு மட்டுமே. ஒரே ஆளுக்கு ஒரே நாளில் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று மாறும். இரும்பு மாத்திரை போட்ட சில மணி நேரத்தில் எடுத்தால் ஏறி நிற்கும். மடியிலுள்ள சில்லறையை எண்ணிவிட்டுக் குதிரில் எவ்வளவு நெல் இருக்கிறது என்று சொல்வதைப் போன்றது இது. காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுங்கள். மாத்திரையை ஒரு நாள் முன்பே நிறுத்தலாமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

குதிரில் இருப்பதை, அதாவது உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது ஃபெரிட்டின் என்ற ரத்தப் பரிசோதனை. ஆனால் அதுவும் சூதுவாது இல்லாத எண் அல்ல. காய்ச்சல், மூட்டழற்சி, கல்லீரல் கோளாறு எது வந்தாலும், இரும்பு காலியாக இருக்கும்போதுகூட அது உயரும். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், நலமாக இருக்கும் பெரியவர்களுக்கு லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழ் என்றால் பற்றாக்குறை. தொற்றோ அழற்சியோ இருந்தால் அந்த எல்லை 70. மூட்டழற்சிக்காரருக்கு 50 வந்து, அறிக்கையில் 'இயல்பு' என்று அச்சாகியிருந்தால் நம்பிவிடக்கூடாது. கூடவே சி.ஆர்.பி. (அழற்சியின்போது ரத்தத்தில் ஏறும் ஒரு புரதம்) பார்த்தால் அழற்சி இருக்கிறதா என்று ஓரளவு தெரிந்துவிடும்.

சந்தேகம் தீராதபோதுதான் சீரம் அயர்னுக்கு வேலை. அதை டி.ஐ.பி.சி.யால் (ரத்தம் மொத்தம் எவ்வளவு இரும்பைச் சுமக்க முடியும் என்ற அளவு) வகுத்து நூறால் பெருக்குங்கள். அயர்ன் 60, டி.ஐ.பி.சி. 450 என்றால் சுமார் 13 சதவீதம். தனியாகப் பார்த்தால் 60 பல ஆய்வகங்களில் 'இயல்பு' என்று தப்பித்துவிடும். 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கிய இந்த விகிதம் தப்பிக்காது.

ஹீமோகுளோபின் 12க்கு மேல் இருக்கிறதே என்று நிம்மதி அடைவதும் அவசரம்தான். சேமிப்பு முதலில் தீரும், ஹீமோகுளோபின் கடைசியில்தான் விழும்.

சிவப்பணுக்கள் சிறுத்திருப்பதை மட்டும் கண்டு மாதக்கணக்கில் இரும்பு மாத்திரை விழுங்குகிறவர்களும் உண்டு. ஃபெரிட்டின் நன்றாக இருந்தால் அது தலசீமியா (ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரை ரத்தக் கோளாறு) மரபுக்கூறாக இருக்கலாம். அதில் பீட்டா வகையை ஹீமோகுளோபின் ஏ2 பரிசோதனை பெரும்பாலும் காட்டும்.

ஐம்பதைத் தாண்டிய ஆணுக்கோ மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ ஃபெரிட்டின் குறைந்திருந்தால், மாத்திரையோடு விட்டுவிடாதீர்கள். குடலில் எங்கோ ரத்தம் கசிகிறதா என்று பார்த்தாக வேண்டும். சில நேரம் குடல் புற்றுநோயின் முதல் அடையாளமே அந்தக் குறைந்த எண்தான்.