முளைத்ததும் படுத்துவிடும் நாற்றுகள்

தக்காளி விதைத்து ஆறாம் நாள் முளைத்திருக்கும். பத்தாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால், தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நூல்போல் இளைத்து, நாற்றுகள் கொத்தாகச் சாய்ந்து கிடக்கும். இலை இன்னும் பச்சையாகவே இருப்பதால், தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னொரு குவளை ஊற்றுவோம். சென்னையில் மாடித்தோட்டம் போட்ட முதல் ஆண்டில் நானும் அதைத்தான் செய்தேன். மிச்சமிருந்தவையும் இரண்டே நாளில் படுத்துவிட்டன.

அது நாற்றழுகல். தேங்கும் ஈரத்தில் பெருகும் பூஞ்சை நோய். நாற்று வளர்க்கும் சிறு குழிகள் கொண்ட தட்டுதான் குழித்தட்டு; அதன் மண்ணின் மேல்பரப்பை விரலால் தொட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தெளியுங்கள், அதுவும் காலையில். மாலையில் தெளித்தால் இரவு முழுக்க ஈரம் நிற்கும். குழிக்கு ஒரு விதை போதும். முளைக்குமோ முளைக்காதோ என்று நான்கைந்து போட்டால் காற்றோட்டம் போய்விடும். வெறும் செம்மண்ணை நிரப்பாமல் தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்து நிரப்புங்கள். விதை நேர்த்திக்கு, அதாவது விதைக்கும் முன் விதையில் புரட்ட, நோய்ப்பூஞ்சையை அடக்கும் நன்மைப் பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடி பொடி கிலோ விதைக்கு 4 கிராம் என்பார்கள். நம்மிடம் இருப்பதோ ஒரு சிட்டிகை விதை; லேசாகத் தூவிப் புரட்டினால் போதும்.

விதையைக் குழிதோண்டிப் புதைப்பது அடுத்த தவறு. விதையின் பருமனைப்போல் இரண்டு மடங்கு ஆழம் போதும். கீரை விதைக்கு அதுவும் வேண்டாம். மணலோடு கலந்து தூவி, மேலே மெல்லிசாக மண் போடுங்கள். ஒன்றுமே முளைக்காவிட்டால் விதைக்காரரைத் திட்டுவதற்கு முன் விதையைத் தூக்கிப்போகும் எறும்பு வரிசை தெரிகிறதா என்று பாருங்கள். வெண்டை, கொத்தவரை, முள்ளங்கி மூன்றையும் நாற்று விட வேண்டியதில்லை. தொட்டியிலேயே ஊன்றிவிடலாம்.

‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பது வயலுக்குச் சொன்னது. ஆடியிலும் சென்னை மொட்டைமாடித் தளம் நண்பகலில் காலைச் சுடும். அம்மியே பறக்கும் காற்றில் குழித்தட்டு அரை நாளில் காய்ந்துவிடும். பட்டத்தை மதியுங்கள், ஆனால் தட்டை நிழல்வலைக்குள், சுவரோரமாக வையுங்கள். நிழலில் வளர்ந்த நாற்றை ஒரேயடியாக வெயிலுக்குத் தூக்கிவந்தால் இலை வெளுத்துக் கருகும். முதல் நாள் ஒரு மணி நேரம் காலை வெயில், மறுநாள் இரண்டு மணி என்று ஒரு வாரம் பழக்குங்கள். தக்காளி நாற்று 25 நாளில் நடவுக்கு வந்துவிடும். மிளகாய்க்கு 35, 40 நாள் ஆகும்.

ஐப்பசி அடைமழையில் தொட்டிக்கு அடியில் வைத்த தட்டுகளை எடுத்துவிடுங்கள். வடிகால் துளை அடைத்திருந்தால் கம்பியால் குத்திவிடுங்கள்.

சித்திரையில் வேறு கதை. வெயில் 35 டிகிரியைத் தாண்டினால் தக்காளிப் பூ பிஞ்சு பிடிக்காமல் உதிரும். சத்துக்குறை என்று நினைத்து உரம் அள்ளிப் போட்டால் இலைதான் செழிக்கும். அந்த மாதங்களில் நான் தக்காளி பக்கமே போவதில்லை. வெண்டையும் கொத்தவரையும் போட்டுவிடுகிறேன்.