தார் பாலைவனத்து ஓணான்களைப் படமெடுக்கிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜெய்சால்மர் பக்கம் கேமராவோடு வரும் நம் ஊர்க்காரர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். பெரும்பாலும் கானமயில் என்ற அரிய பறவையைத் தேடி வருகிறார்கள். அது கண்ணில் படாத பொழுதில் ஓணான் பக்கம் திரும்புகிறார்கள். திரும்ப வேண்டியதுதான். ராஜஸ்தானியர் சாண்டா என்று அழைக்கும் முள்வால் ஓணானும், மணல்மேட்டில் வாழும் தேரைத்தலை ஓணானும் ஓர் ஆயுள் முழுக்க எடுத்தாலும் அலுக்காதவை. ஆனால் நான் தொடக்கத்தில் செய்த பிழைகளையே புதிதாக வருகிறவர்களும் ஒன்று விடாமல் செய்வதைப் பார்க்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

கண்ணில் ஃபோகஸ் வைப்பது, தரையோடு படுத்து எடுப்பது, ஷட்டர் வேகம் எல்லாம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பறவைக்குப் போகிற நேரத்தில் போவது

இருட்டோடு கிளம்பி, சூரியன் எழும்போதே இடத்தில் இருந்து, எட்டு மணிக்கு வெறுங்கையோடு விடுதிக்குத் திரும்புகிறார்கள். சாண்டா வெயிலில் சூடேறினால்தான் அசையும். மாலையில் வளைக்குள் போனதும் உள்ளிருந்தே மண்ணைத் தள்ளி வாயை அடைத்துக்கொள்ளும். காலையில் தரை காய்ந்த பிறகுதான் அந்த மண் உடையும். முதலில் தலை மட்டும் வெளியே வரும். அப்படியே நெடுநேரம் இருக்கும். அப்போது அதன் உடல் ஈர மண் மாதிரி கருத்திருக்கும். சூடேற ஏற வெளிறிக்கொண்டே வரும். நெற்றியில் ஒட்டிய மண்துகள், மூக்குத் துளையோரம் படிந்த வெள்ளை உப்பு எல்லாம் அந்த நேரத்தில்தான் தெளிவாகக் கிடைக்கும். உடலில் சேரும் உப்பை அது மூக்கு வழியாகத்தான் வெளியேற்றுகிறது. நான் பார்த்த நல்ல சாண்டா படங்கள் பலவும் இந்தத் தலை மட்டும் தெரிகிற நேரத்தில் எடுத்தவை.

குளிர்காலத்தில் வந்து தேடாதீர்கள். அப்போது அது வளைக்குள் உறக்கத்தில் இருக்கும். மார்ச்சிலிருந்து வாருங்கள்.

வளைக்கும் ஓணானுக்கும் நடுவில் போய் நிற்பது

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இன்றும் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிற தவறு இதுதான்.

நடப்பது இப்படி. சாண்டா வளையை விட்டுச் சற்றுத் தள்ளி வந்து, கேர் புதரடியில் உதிர்ந்த பூவையோ இலையையோ மேய்ந்துகொண்டிருக்கும். வளர்ந்த சாண்டா பெரும்பாலும் செடி கொடி தின்று வாழ்வது. யாராவது நெருங்கினால் ஒரே ஓட்டமாக ஓடி வளைக்குள் புகுந்துவிடும். இரண்டு மூன்று முறை இப்படி ஆனதும் நம் ஆட்களுக்கு ஒரு யோசனை வருகிறது. ஒருவர் சுற்றிப்போய் வளை வாயில் நின்றுகொள்வது, மற்றவர் எதிரிலிருந்து எடுப்பது. போக வழியில்லாமல் ஓணான் நின்றுவிடும். உடம்பை உப்பும், வாயைத் திறக்கும், முள்வாலைச் சுழற்றும். படத்தில் பார்த்தால் ஆவேசமாக இருக்கும். பாராட்டும் குவியும்.

அந்த வளை வெறும் ஒளிவிடம் என்று நினைத்துவிடாதீர்கள். கோடையில் மணல் பரப்பின் சூடு 50 டிகிரி செல்சியஸைத் தாண்டும். ஓணானால் வியர்க்க முடியாது. வெளியே சூடேறுவதும் உள்ளே போய்த் தணிவதும்தான் அது உயிர் வாழும் முறை. வளர்ந்த சாண்டாக்கள் பொதுவாக ஒரு வளையில் ஒன்று மட்டும்தான் வாழும். பக்கத்து வளைக்குள் புகுந்து தப்பலாம் என்றால் அங்கே இருப்பது துரத்தும். மேலே லகர் வல்லூறு சுற்றிக்கொண்டிருக்கும். இந்த நிலையில் அதன் ஒரே கதவை நாம் சாத்துகிறோம்.

ஒரு மே மாதம், பத்து மணி தாண்டிய வெயிலில், ஒரு குழு வளை வாயின் மேலேயே கேமரா பையை வைத்திருந்ததைப் பார்த்தேன். ஓணான் சற்றுத் தள்ளி வெட்டவெளியில் நின்றது. வயிறு தரையில் படாமல் உடம்பைத் தூக்கி, ஒரு காலை எடுத்து வைத்து மறு காலை எடுத்தது. வாய் திறந்தபடியே இருந்தது. "சூப்பரா போஸ் குடுக்குது" என்றார் ஒருவர். அது போஸ் இல்லை, சூடு தாங்காத தவிப்பு. பையை எடுங்கள் என்று நான் சத்தம் போட்ட பிறகுதான் எடுத்தார்கள். எடுத்த வேகத்தில் ஓணான் உள்ளே போனது. உள்ளிருந்து மண் வந்து வாயை அடைத்தது. அன்று மாலையும் அது வெளியே வரவில்லை. ஒரு நாள் மேய்ச்சல் போயிற்று.

இதைவிட மோசம், தோண்டி எடுக்கச் சொல்வது. கேட்டால் காசுக்குத் தோண்டித் தருகிற ஆட்கள் கிடைப்பார்கள். சாண்டா எண்ணெய் என்ற பெயரில் விற்பதற்காக இந்த உயிரைக் காலங்காலமாகப் பிடித்து வருகிறார்கள். வலிக்கும் ஆண்மைக்கும் மருந்து என்று சொல்லி விற்கிறார்கள். அதில் இருப்பது வெறும் கொழுப்பு. பிடித்ததும் ஓடாமல் இருக்க முதுகெலும்பை முறித்துவிடும் வழக்கம் உண்டு. உயிர் போகாது, ஓட மட்டும் முடியாது. சில படங்களில் சாண்டாவின் பின்னங்கால்கள் இரண்டும் ஒரு பக்கமாகத் தளர்ந்து கிடக்கும். போட்டிக்கு வரும் படங்களைப் பார்க்கிற நடுவர்கள் முதலில் அந்தக் கால்களைப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இதைப் பிடிப்பது குற்றம். காசு கொடுத்துப் பிடிக்கச் சொன்னவர் அதிலிருந்து தப்பிவிட முடியாது.

சரி, எப்படி எடுப்பது? முதலில் வளையைக் கண்டுபிடியுங்கள். தட்டையான வாய், பக்கத்தில் புழுக்கை, கால்தடங்களுக்கு நடுவே வால் இழுபட்ட கோடு, இவை இருந்தால் ஆள் இருக்கிறது. வெயில் உங்கள் முதுகில் படும்படி, முப்பது நாற்பது அடி தள்ளி, ஓணான் வெளியே வருவதற்கு முன்பே படுத்துவிடுங்கள். அது மேயப் போனாலும் வளைக்குப் போகும் பாதை திறந்தே இருக்க வேண்டும். நடக்கிற மனிதரைப் பார்த்து ஓடுகிற சாண்டா, அசையாமல் படுத்திருப்பவரைக் கொஞ்ச நேரத்தில் பொருட்படுத்தாது. நிறுத்திய வண்டியைக் கண்டு அவ்வளவாக மிரளாது; ஜன்னலிலிருந்தும் எடுக்கலாம். இப்படி எடுத்த படத்தில் அது கண்ணை அரைவாசி மூடி வெயில் காயும், மெல்லும், சோம்பல் முறிக்கும். இந்த உயிரின் சுபாவம் அதுதான்.

கானலைக் கணக்கில் எடுக்காதது

பதினொரு மணிக்கு 600 மி.மீ. லென்ஸோடு, இன்னும் பெரிதாக்கிக் காட்டும் டெலிகன்வெர்ட்டரும் மாட்டி எடுத்துவிட்டு, ஃபோகஸ் பிசகுகிறது என்று லென்ஸை சர்வீஸுக்கு அனுப்புகிறார்கள். லென்ஸில் குறையில்லை. சூடான மணலை ஒட்டிய காற்று அலைந்துகொண்டே இருப்பதால் ஒளி வளைந்து வருகிறது. தரையோடு படுத்து எடுக்கும்போது அந்தக் காற்றின் வழியாகத்தான் பார்க்கிறோம், அதனால் இன்னும் அதிகம். ஷட்டரை எவ்வளவு கூட்டினாலும் தீராது. தூரத்தைக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் வெயில் ஏறுவதற்கு முன் முடித்துக்கொள்ள வேண்டும்.

மணலில் லென்ஸ் மாற்றுவது

வேண்டாம். வண்டிக்குள் போய் மாற்றுங்கள்.

ஃப்ரேம் முழுக்க ஓணானை நிரப்புவது

தேரைத்தலை ஓணானுக்கு இது பெரிய அநியாயம். லோங்கேவாலா என்ற ஊரின் பெயரையே அறிவியல் பெயரில் தாங்கிய உயிர் இது. இந்தியாவிலும் பாகிஸ்தானிலுமாகப் பரந்த தார் பாலைவனத்தைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. உள்ளங்கையில் அடங்கும் தட்டை உடம்பு. ஆபத்து என்றால் உடலைப் பக்கவாட்டில் அதிர வைத்து, கண்ணெதிரிலேயே மணலுக்குள் மறைந்துவிடும். அதன் முதுகுப் புள்ளிகளைப் பாருங்கள். மணலில் கலந்து கிடக்கும் கருத்த துகள்கள் போலவே இருக்கும். மணல் வரிகள் இல்லாமல் முகத்தை மட்டும் வெட்டி எடுத்தால் அந்தப் பொருத்தம் எங்கே தெரியும்? ஒரு மூலையில் சிறிதாக ஓணான், மீதி இடமெல்லாம் காற்று போட்ட வரி, அப்படி ஒரு படத்தை எடுத்துச் சுவரில் மாட்டிப் பாருங்கள். பார்ப்பவர் அதைத் தேடிக் கண்டுபிடிக்க ஒரு நொடி பிடிக்கும். கலை என்று ஒன்று இதில் உண்டென்றால் அந்த ஒரு நொடியில் இருக்கிறது என்பேன்.

மணல்மேட்டில் கண்டபடி நடக்காதீர்கள். காலடிக்குக் கீழே ஒன்று புதைந்திருக்கலாம். வரிகளும் கலைந்துபோகும்.

மணலை ஆரஞ்சு ஆக்குவது

தார் மணல் வெளிர் மஞ்சளும் சாம்பலும் கலந்த நிறம். கம்ப்யூட்டரில் வண்ணத்தைக் கூட்டினால் மணல் ஒரு பக்கமும் ஓணான் ஒரு பக்கமும் போய்விடும். ஒளிந்திருந்ததை நாமே காட்டிக்கொடுத்த மாதிரி ஆகும். இன்னொன்று, வெளிர்மணலைப் பார்த்து கேமரா ஏமாந்து படத்தை இருட்டாக்கும். எடுக்கும்போதே எக்ஸ்போஷரை அரை ஸ்டாப், தேவைப்பட்டால் முக்கால் ஸ்டாப் கூட்டுங்கள். வெளிச்ச அளவைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பார்த்து நிறுத்திக்கொள்ளுங்கள்.

இடத்தை எழுதுவது

மாவட்டத்தோடு நிறுத்துங்கள். படத்தோடு சேர்ந்து பதிவாகும் ஜிபிஎஸ் விவரத்தையும் அழித்துவிட்டு அனுப்புங்கள். சாண்டாக்கள் ஒரே இடத்தில் கூட்டமாக வளை தோண்டி வாழ்பவை. வருஷா வருஷம் அதே இடத்தில்தான் இருக்கும். எண்ணெய்க்காகப் பிடிப்பவருக்குத் தேவை அந்த ஒரு புள்ளிதான்.